கேள்வி நேரம்: முதல்வர் நாற்காலிக்கு முன்னே

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில் என் தங்கை அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி முதல்வராக என்ன தகுதி வேண்டும்? நிறமும் பெண் என்பதும் குறுக்கே நிற்குமா?
- வாசகி, மதுரை

பதில்: ஆசிரியர் சான்று, முதுகலைப் பட்டம், இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவம், அங்கீகாரம் பெற்ற முதல்வர் பயிற்சி, அதில் 160 மணி நேரக் களப்பணி. பிறகு 268 எண் கொண்ட தேர்வும், 'பாசல்' எனும் 368ஆம் எண் செயல்முறை மதிப்பீடும். பாசலில் வீடியோவும் உண்டு. அதில் தெரிகிறவர்களின் ஒப்புதல் படிவங்களை முதலிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். பலர் கடைசி வாரத்தில் அதற்காகத்தான் அலைகிறார்கள்.

சான்று கையில் வந்த பிறகுதான் சிக்கலே. அங்கே பெரும்பாலோர் துணை முதல்வராக இருந்துதான் முதல்வராகிறார்கள். 2001 முதல் 2017 வரை டெக்சாஸின் 4,689 துணை முதல்வர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம் இருந்தும், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குப் பதவி உயர்வு வாய்ப்பு 18 சதவீதம் குறைவு. கிடைத்தவர்களும் சராசரியாக 5.27 ஆண்டு காத்திருந்தார்கள், வெள்ளையர் 4.67 ஆண்டு. இந்த எண் கறுப்பினத்தவருக்கானது, இந்தியருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. உங்கள் தங்கைக்குப் பொருந்துவது இன்னொன்று: உயர்நிலைப் பள்ளி முதல்வராகும் வாய்ப்பு பெண்களுக்கு 5 முதல் 7 சதவீதம் குறைவு. ஆண்களைவிட அனுபவம் கூடுதலாக இருந்தும்! இது அநீதி, வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டாம்.

ஆகவே துணை முதல்வர் பணி எந்தப் பள்ளியில் என்பது முக்கியம். முடிந்தால் உயர்நிலைப் பள்ளியையே கேட்கட்டும். சேர்ந்தபின் மாணவர் ஒழுங்கு, பேருந்து, உணவறை மேற்பார்வை மட்டும் தலையில் விழுந்தால், நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. பள்ளி பட்ஜெட், கால அட்டவணை, ஆசிரியர் மதிப்பீடு மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பீடு செய்ய, டெக்சாஸின் ஆசிரியர் மதிப்பீட்டு முறையான 'டி-டெஸ்' பயிற்சிச் சான்று தேவை. அதை முன்கூட்டியே முடித்துவிடலாம்.

கேள்வி: பாகுபாட்டால் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகத் தோன்றினால்?
- அதே வாசகி

பதில்: வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும், 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு துணைக்கு வரும். டெக்சாஸில் மாநில அமைப்பிடம் 180 நாளுக்குள், மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 300 நாளுக்குள் புகார் தர வேண்டும். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. பள்ளி நிர்வாகத்திடம் உள்முறையீடு நடக்கிறதே என்று காத்திருந்தால் கெடு நின்றுவிடாது. விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் தேதி, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அன்றன்றே எடுத்து வைக்கட்டும்.