சாகா பூத்துவிட்டது, எதை அடிப்பது?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வேலைக்காக வந்து நைரோபியிலேயே தங்கிவிட்டேன். பக்கத்தில் கியாம்புவில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, ஜூலை முதல் வாரம் பாதியில் சாகா, பாதியில் மனாகு என்று இந்த ஊர்க் கீரைகள் இரண்டைத் தூவினேன். மனாகு பரவாயில்லை. சாகா பத்துக்கு மூன்றுதான் முளைத்தது. முளைத்ததும் முழங்கால் உயரம் வருவதற்குள் பூத்துவிட்டது. இலை சிறுத்து ஊதா ஓடுகிறது, கொழுந்தில் அசுவினிப் பூச்சி. விதையும் மருந்தும் விற்கும் அக்ரோவெட் கடையில் பூச்சிக்கு ஒரு மருந்தும், பூப்பைத் தள்ளிப்போட ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். எத்தனை மில்லி கலக்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும்? காங்கேமி சந்தையில் இந்தக் கீரைக்கு நல்ல கிராக்கி. மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் கடையில் பாலக் வாங்குகிறோம், அந்தச் செலவுக்காவது இந்த வருமானம் உதவும் என்று பார்க்கிறேன்.

பதில்: தம்பி, அந்த இரண்டு பாட்டிலையும் திறக்காதீர்கள்.

டானிக்கை முதலில் பார்ப்போம். சாகா முன்கூட்டிப் பூப்பது பசியாலும் நெருக்கத்தாலும்தான். தூவி விதைத்ததில் ஓரிடத்தில் கும்பலாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் வந்திருக்கும். கும்பலில் நிற்கும் செடி தனக்கு ஆயுள் இல்லை என்று விதைக்கு ஓடும். இலையில் தெளிக்கும் எந்தத் தண்ணீரும் அதை நிறுத்தாது. ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, பூங்கொத்தை இரண்டு விரலால் கிள்ளி எறியுங்கள். பக்கக் கிளை வெடிக்கும், இலை கூடும். கையால் செய்கிற இந்த வேலைக்கு ஈடான மருந்தை நான் பார்த்ததில்லை. பூ கிள்ளச் சொன்னால் கடைக்காரருக்கு ஒரு ஷில்லிங் வராது, அதனால் சொல்ல மாட்டார்.

பூச்சி மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கீரையை வாரம் ஒரு முறை கிள்ளுகிறோம். பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில், தெளித்து 7 நாளோ 14 நாளோ கழித்துத்தான் அறுக்கலாம் என்று போட்டிருக்கும். வாரா வாரம் கிள்ளும் பயிருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதைக் கேட்காமல் கீரைக்காரருக்கு மருந்து விற்பவரை நான் வியாபாரி என்று மதிக்க மாட்டேன். அசுவினி அடைந்த கொழுந்தைக் கிள்ளி வாளித் தண்ணீரில் போடுங்கள். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி திரவ சோப்பு கலந்து, சாயங்காலம் இலையின் அடியில் படும்படி அடியுங்கள். வேப்பெண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே வேம்புக்கு முவாரொபாய்னி என்று பெயர், நாற்பது நோய்க்கு மருந்து என்று அர்த்தம்.

சரி, முளைப்புக்கு வருவோம். கியாம்பு மேட்டு நிலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிரும் மூட்டமும்தான். சாகா சூட்டுப் பயிர், குளிர்ந்த மண்ணில் விதை உறங்கும். இலையில் ஓடும் ஊதாவும் பெரும்பாலும் குளிரின் வேலை, மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் வேர் அதை இழுக்காது. தண்டு மட்டும் ஊதாவாக இருந்தால் அது ரகத்தின் நிறம், பயப்பட வேண்டாம். குளிர் மாதங்களில் மனாகு போடுங்கள், சாகாவை அக்டோபர் மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கால் ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு டன் மக்கிய தொழு உரம் போட்டு, ஓரடிக்கு ஒரு வரிசை கீறி, மணலில் கலந்து விதையுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டருக்குள் மண் மூடினால் போதும். வெளிச்சத்தில் மேலாகக் கிடக்கும் சாகா விதை சரியாக முளைக்காது, ஆழத்தில் போனாலும் வராது.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. விதை எங்கே வாங்கினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. டப்பாவில் இருந்து கரண்டியால் அளந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது எந்த ஊர்ச் செடி, எந்த மாதம் பறித்தது என்று விற்றவருக்கே தெரியாது. பறித்த சூட்டில் சாகா விதை முளைக்காது, உறக்கம் தெளிய மூன்று மாதமாவது வேண்டும். சில நேரம் ஆறு மாதமும் ஆகும். இன்னொன்று, விதைக்கென்று செடி விடாமல், கிள்ளத் தவறிப் பூத்துப் போனதில் இருந்து நெற்று பறித்து விற்பவர்கள் அதிகம். முதலில் பூப்பது எதுவோ அதன் விதைதான் முதலில் சந்தைக்கு வரும். அதை வாங்கி விதைத்தால், சீக்கிரம் பூக்கும் குணத்தையும் சேர்த்துத்தான் விதைக்கிறோம். உங்கள் வயலில் நடந்திருப்பது பாதி இதுதான்.

மேற்குக் கென்யாவில் விஹிகா பக்கத்தில், லுஹ்யா இனத்துப் பாட்டி ஒருவரின் அடுக்களையை நான் மறக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகையில் நெற்றுக் கட்டு தொங்கும். ஒரு நெற்றை உருவி, கட்டைவிரலால் நெருடி, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கருத்த, சொரசொரப்பான பொடி விதை. அவர் தோட்டத்தில் ஏழெட்டுச் செடிகளின் கழுத்தில் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. அவற்றில் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்கு உத்தரவு. எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பூத்தவை அவை. நான் படித்து வாங்கிய பட்டத்தில் இல்லாத பாடம் அது.

நீங்களும் அதையே செய்யுங்கள். இன்னும் பூக்காமல் நிற்கும் செடிகளுக்கு இன்றே துணி கட்டுங்கள். இருபது முப்பது கிடைத்தால் நல்லது. சாகாவில் அயல் மகரந்தமும் சேரும், அதனால் முந்திப் பூத்தவற்றை அவற்றின் அருகில் விடாதீர்கள். நெற்று மஞ்சளானதும் பறித்துவிடுங்கள், காய விட்டால் வெடித்துச் சிதறும். நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள், அது மார்ச் மழைக்கு ஆகும். மனாகுவுக்குப் பழம் நன்றாகக் கனிந்து கருத்த பிறகு பிசைந்து, ஒரு நாள் ஊறவிட்டு, சதை போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். சதையின் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தால் முளைப்பு கெடும். மனாகு விதை முளைக்கவில்லை என்று அழுகிறவர்களில் பாதிப்பேர் இந்த அலசலில் சோம்பியவர்கள்.

இந்தக் கீரைகளை வெறும் களை என்று ஒதுக்கிவைத்த காலம் ஒன்று இருந்தது. ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ போன்றவர்கள் பல வருடம் ஆராய்ந்து பேசித்தான் அவற்றுக்கு மரியாதை வந்தது. சிறுவயதில் விலங்குப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இந்தக் கீரைகளிலேயே வளர்ந்தவர் அவர். தான்சானியாவின் அருஷாவில் உலகக் காய்கறி மையத்தின் கிளையிலும் இவற்றில் ரகத்தேர்வு நடக்கிறது. அக்டோபருக்கு வேண்டிய விதையை அப்படித் தேர்ந்த ரகமாக, தேதியும் தொகுதி எண்ணும் அச்சடித்த பாக்கெட்டில் வாங்குங்கள். கரண்டி விதை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் உங்கள் மகள். கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான். வயலில் சாகாவும் மனாகுவும் நிற்க, காசு கொடுத்துப் பாலக் வாங்குகிறீர்கள். நம் ஊரில் வேலியோரம் நிற்கும் நல்வேளைதான் தம்பி இந்த சாகா. மனாகு நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய உறவு. இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் எல்லாம் இவற்றில் நிறைய உண்டு. கசக்கிறது என்று முதல் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். மேற்குக் கென்யாவில் சாகாவை வேகவைத்துப் பால் ஊற்றி ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் சூடாக்குவார்கள், கசப்பு அடங்கிவிடும். உங்கள் வீட்டில் மனாகு இளங்கொழுந்தைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்து, இறக்கும்போது தேங்காய்ப் பால் விடுங்கள். கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கீரை அதற்குத் துணைதான்.

காங்கேமிக்குப் பிடுங்கி வேரோடு கட்டு கட்டாமல் கிள்ளி விற்றால் ஒரே செடியில் பல வாரம் காசு பார்க்கலாம். வயலுக்குப் பாய்வது நகரத்துச் சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீராக இருந்தால் மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும், அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசியில், வாங்கிய பாக்கெட்டில் இருந்து நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி, அடுப்படியில் வெளிச்சம் படாத கதகதப்பான மூலையில் வையுங்கள். பத்தாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். கால் ஏக்கருக்கு எத்தனை விதை போட வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.