வேலை இண்டர்வியூவில் லிங்க்ட்இன், கிட்ஹப், கூகுள் டாக்ஸ் இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

கேட்டிருப்பவர் இறுதியாண்டு மாணவர். ரெஸ்யூமில் லிங்க் கொடுத்தால் மட்டும் போதுமா, இண்டர்வியூ நடக்கும்போதே திறந்து காட்டலாமா என்பது அவர் சந்தேகம்.

தாராளமாகத் திறந்து காட்டுங்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஃப்ரெஷர்களை இண்டர்வியூ எடுக்கும் குழுவில் நான் இருக்கிறேன். ரெஸ்யூமில் இருக்கும் லிங்க்கை முன்கூட்டியே திறந்து படிக்க எங்களில் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் நீங்களே எடுத்துக் காட்டினால்தான் உண்டு.

ஆனால் எதைக் காட்டுவது என்பதுதான் முக்கியம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து செய்திருப்பார்கள். "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டால், "எல்லாரும் சேர்ந்துதான் சார் செஞ்சோம்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து நான் ஒருவருக்கு எப்படி மார்க் போடுவது? கோடை இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப் உதவுவது இந்த இடத்தில்தான். யார் எந்த வரியை எழுதினார்கள், யார் அதை மறுத்தார்கள், கடைசியில் எது நின்றது என்பதெல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது.

ஒரு பெண் செய்ததைச் சொல்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை உணவுக்குப் பதிவு செய்யும் ஆப் அவர்களுடைய ப்ராஜெக்ட். விடியற்காலை 5 மணிக்குப் பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாள் தேதி விழுந்திருக்கிறது. சர்வர் ஓடுவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். இவர் கோடில் நேராக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு புல் ரிக்வெஸ்ட் (அந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) போட்டிருக்கிறார். கூட இருந்த பையன், "நாளைக்கு சர்வரின் நேரத்தையே யாராவது இந்திய நேரத்துக்கு மாற்றினால் இது இரண்டு தடவை கூடிவிடும்" என்று கமெண்ட் எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு, சேமிப்பதை யூடிசியிலேயே வைத்துவிட்டு, திரையில் காட்டும்போதும் தேதி கணக்கிடும்போதும் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றும்படி திருத்தி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் சொன்னார். டீமில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற வழக்கமான கேள்வியை நான் கேட்கவே இல்லை, பதில் ஏற்கெனவே திரையில் இருந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். காலேஜ் லேப் மெஷினில் வேறு மெயில் ஐடியோடு கிட் (கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) செட் செய்திருந்தால் அந்தக் கமிட்கள், அதாவது பதிந்த மாற்றங்கள், உங்கள் பெயரில் சேராது. அந்த மெயில் ஐடியை உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்த்து உறுதிசெய்துவிட்டால் பழையவையும் வந்துவிடும். ப்ரொஃபைலில் ஆறு ரெப்போ (ஒரு ப்ராஜெக்டின் கோடு இருக்கும் இடம்) வரை முன்னால் தெரியும்படி பின் செய்யலாம், இரண்டு போதும். ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பில் ஆப் என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, யார் எந்தப் பகுதி என்று எழுதிவிடுங்கள். எந்தெந்த நாள் வேலை செய்தீர்கள் என்று ப்ரொஃபைலில் காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்புவதற்காகத் தினமும் வெறும் கமிட் போட வேண்டாம். அப்புறம், பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) கோடில் போயிருந்தால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தக் கீயையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கோடு எழுதாத துறை என்றாலும் இதே வழிதான். சேர்ந்து எழுதிய அறிக்கை கூகுள் டாக்ஸில் இருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைக் காட்டலாம், யார் எதை மாற்றினார்கள் என்று தனித்தனி நிறத்தில் தெரியும். எடிட் உரிமை உள்ளவருக்குத்தான் அது தெரியும் என்பதால் வெறும் வியூ லிங்க் அனுப்பிப் பயனில்லை, ஸ்கிரீன் ஷேரில் நீங்களே திறக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் அதை ரெஸ்யூமில் சேர்க்கவே கூச்சப்படுகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பங்களிப்புகள் பக்கம் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, பேச்சுப் பக்கத்தில் நீங்கள் சான்று காட்டி வாதிட்டதும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து வேலை செய்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி ஒரு மாணவரிடம் கிடைப்பது கஷ்டம்.

இன்டர்ன்ஷிப் செய்த கம்பெனியின் வேலைப் பட்டியல் இருக்கும் ஜிரா போர்டையோ உள் ஆவணங்களையோ மட்டும் திறந்துவிடாதீர்கள். நாளைக்கு எங்களுடையதையும் வேறு எங்காவது இப்படித்தான் காட்டுவார் என்றுதான் தோன்றும். வாயால் சொன்னால் போதும்.

ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது முழுத் திரையைக் கொடுக்காமல் அந்த ஒரு டேபை மட்டும் கொடுங்கள். சில இடங்களில் கூகுள் டாக்ஸிலேயே கோடு எழுதச் சொல்வார்கள். வரியின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும், மேற்கோள் குறிகளை வளைக்கும். டூல்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் போய் இரண்டையும் முன்னாடியே அணைத்துவிடுங்கள்.

லிங்க்ட்இன் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அதில் இருக்கும் தேதிகளும் ரெஸ்யூமில் இருக்கும் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும், ஹெச்.ஆர். முதலில் பார்ப்பது அதைத்தான். வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் ஸ்கில் எண்டார்ஸ்மென்ட்களை நான் படிப்பதில்லை. இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர், நீங்கள் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் அதைக் கட்டாயம் படிப்பேன். இண்டர்வியூ எடுக்கப்போகிறவரின் பெயர் தெரிந்தால் அவர் ப்ரொஃபைலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ப்ரைவேட் மோடில் இல்லையென்றால் நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியக்கூடும், அதில் ஒரு தப்பும் இல்லை. இண்டர்வியூ முடிந்த பிறகு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்புவதாக இருந்தால், அன்றைக்குப் பேசிய விஷயத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ரிசல்ட் என்ன ஆச்சு என்பதை மட்டும் அவரிடம் கேட்காமல் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்.