லேசர் வெற்றி என்கிறார்கள். எனக்கு ஏன் திருப்தி இல்லை?

கேள்வி: எனக்கு வயது 42. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கண்ணாடி. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.50. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் வைத்தியசாலையில் லேசிக் என்ற லேசர் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இப்போது பலகையில் சின்ன எழுத்தெல்லாம் வாசிக்கிறேன். ஆனால் இரவில் காலி வீதியில் வரும் ஒவ்வொரு வாகன விளக்கையும் சுற்றி ஒரு வளையம். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது. முன்பு ஊசியில் நூல் கோர்த்த நான், இப்போது மருந்துப் பெட்டியில் உள்ளதை வாசிக்கக் கையை எட்ட நீட்ட வேண்டியிருக்கிறது. மூன்று முறை திரும்பிப் போனேன். “6/6 தெரிகிறது, சத்திரசிகிச்சை வெற்றி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிழையாகச் செய்துவிட்டார்களா டொக்டர்? இன்னொரு முறை லேசர் செய்தால் சரிவருமா? சென்னைக்குப் போயிருக்க வேண்டுமோ?

பதில்: முதலில் அந்த 6/6 பற்றி. வெளிச்சமான அறையில், வெள்ளைப் பலகையிலுள்ள கறுத்த எழுத்தை ஆறு மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த இரவில் பம்பலப்பிட்டியில் வீதியைக் கடப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பலகை கேட்பதில்லை. உங்களைப் பரிசோதித்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று முறை வந்த ஒருவரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் தனியாகவும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஈடுபட்டு, 2017 இல் முடிவுகள் வெளியான ஆய்வொன்று உண்டு. லேசிக்குக்கு முன் ஒளி வளையம், கண்கூச்சம் போன்ற தொல்லை எதுவுமே இல்லாதிருந்தவர்களில் 46 சதவீதம் வரையானோர், மூன்றாம் மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருப்பதாகக் குறிப்பிட்டார்கள். அதனால் அன்றாட வேலைக்கே பெரும் சிரமம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று: இந்தத் தொல்லைகளை டொக்டரிடம் நேரில் சொன்னதைவிடக் கேள்வித்தாளில் எழுதியது இரண்டு மடங்குக்கும் அதிகம். எங்கள் முகத்தைப் பார்த்தால் நோயாளிக்குச் சொல்ல வாய் வருவதில்லை போலும்.

உங்கள் மூன்று முறைப்பாடுகளையும் ஒரே முடிச்சாகக் கட்டாதீர்கள். மருந்துப் பெட்டியின் எழுத்து தெரியாததற்கும் சத்திரசிகிச்சையின் தரத்துக்கும் தொடர்பில்லை. அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகத் தொடங்குகிறது; கிட்டே பார்க்கும்போது முன்போலப் பருத்துக் கொடுக்காது. லேசர் செதுக்குவது கண்ணின் முன்பக்கத்துப் படலமான கோர்னியாவை மட்டுந்தான். வில்லையை அது தொடுவதில்லை. மைனஸ் 6.50 உள்ள கண், கண்ணாடியைக் கழற்றியதும் சுமார் 15 சென்ரிமீற்றர் தூரத்தில் எந்தப் பிரயாசையும் இல்லாமல் தெளிவாகப் பார்க்கும். நூல் கோர்த்தது அந்தக் கண். அந்தக் குறைபாடு உங்களுக்கு ஒரு சலுகையையும் தந்திருந்தது. எட்டப் பார்வையை வாங்குவதற்காக அதை விற்றுவிட்டீர்கள். விற்கப்போகிறீர்கள் என்று ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை.

குறை என்றால் இதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். நாற்பது வயதைத் தாண்டியவர் லேசருக்கு வந்தால், எட்டப் பார்வைக்குரிய கொன்டாக்ட் லென்ஸைப் போட்டுவிட்டுக் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தாலே போதும். “இனி இப்படித்தான் இருக்கும், சம்மதமா?” என்று கேட்டுவிடலாம். ஒரு கண்ணைச் சிறிது மைனஸில் விட்டுவைத்து வாசிப்புக்கு வசதி செய்யும் வழியும் உண்டு. எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் பேசியிருக்க வேண்டிய விஷயம். இப்போது உங்களுக்குத் தேவை ஒரு வாசிப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். பிளஸ் 1 அளவில் தொடங்கும்; வயதோடு கொஞ்சம் ஏறும். மூக்கில் மறுபடியும் கண்ணாடியா என்ற எரிச்சல் எனக்குப் புரிகிறது.

கண் மணலாய் உறுத்துவது சத்திரசிகிச்சையால் வந்திருக்கக்கூடியதுதான். லேசிக்கில், கோர்னியாவின் மேல் பெரும்பாலும் 100 முதல் 120 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். வெட்டும்போது அங்குள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது, கண்ணீர் வேண்டும் என்று மூளைக்குத் தகவல் சொல்வது அந்த நரம்புகளே. அவை மெதுவாகத் திரும்ப வளரும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதங்களில் நிலைமை தேறுகிறது, சிலருக்கு அதற்கும் மேல் எடுக்கிறது. எட்டாம் மாதத்தில் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அதற்கிடையில் உங்கள் வேலையும் சும்மா இருக்கவில்லை. நாள் முழுவதும் ஏசி அறை, கணினித் திரை. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துபோகும். மூன்று மணிக்கு உறுத்தத் தொடங்குவதில் வியப்பில்லை.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பாவியுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பாதுகாப்பு இரசாயனம் சேராத, ஒருமுறை பாவித்து எறியும் சின்னக் குப்பிகளாகக் கேட்டு வாங்குங்கள். அந்த இரசாயனமே கண்ணை மேலும் புண்படுத்தும். உறுத்தல் வந்த பிறகு விடுவதைவிட, வருமுன் நேரம் வைத்து விடுவது நல்லது. ஏசிக் காற்று முகத்தில் படாதபடி கதிரையைத் திருப்பிப் போடுங்கள். ஒவ்வாமைக்கோ முகப்பருவுக்கோ குளிசை எடுக்கிறீர்கள் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், அவற்றில் சில கண்ணை வறட்டும். முக்கியமான ஒன்று: பார்மசியில் நீங்களாகவே ஸ்டெரொய்ட் சொட்டு வாங்கி விடாதீர்கள். இரண்டு நாள் சுகமாகத்தான் இருக்கும். நீண்ட நாள் விட்டால் கண்ணழுத்தம் ஏறலாம். லேசிக்கால் மெலிந்த கோர்னியாவில் கருவி அந்த அழுத்தத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால் ஏறியது தெரியாமலும் போகலாம்.

இனி இரவு வளையம். இருட்டில் கண்மணி விரிகிறது. லேசர் சீர்செய்த வட்டம் சாதாரணமாக 6 மில்லிமீற்றர், அல்லது அதற்குச் சற்று மேல். கண்மணி அதற்கு அப்பால் விரிந்தால் ஓரத்தில் ஒளி சிதறும். உங்களைப் போல் கூடிய மைனஸ் உள்ளவர்களிடம் இது அதிகம். ஆனால் காய்ந்த கண்ணீர்ப் படலமும் இதே வேலையைச் செய்யும். ஒன்று செய்து பாருங்கள்: இரவில் பால்கனியில் நின்று தெருவிளக்கைப் பாருங்கள், சொட்டு விடுங்கள், இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். வளையம் சுருங்கினால் வறட்சிக்கும் இதில் பங்கு உண்டு. வறட்சி தேறத் தேற வளையமும் குறையும்.

இரண்டாவது லேசர்? இப்போது வேண்டாம். கோர்னியாவின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரோன் என்று கணக்குப் பார்த்தால் உங்களுக்கு முதல் முறையே ஏறத்தாழ 80 முதல் 100 வரை செதுக்கியிருப்பார்கள். மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரோன் மிஞ்ச வேண்டும். இடம் இருக்கலாம், ஆனால் மிச்சமாக நின்றுவிட்ட பவரைத் திருத்தத்தான் மறுபடியும் செதுக்குவார்கள். 6/6 தெரியும் கண்ணில் அப்படி அதிகம் மிஞ்சியிருக்காது. வெள்ளெழுத்தும் வறட்சியும் அதனால் தீராது. வறட்சி கூடத்தான் செய்யும்.

சென்னையைப் பற்றிக் கேட்டதால் ஒரு கதை. மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது, 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றை எக்சைமர் என்ற புற ஊதா லேசரின் முன் வைத்துப் பார்த்தார். சுற்றியுள்ள தசை கருகாமல், கத்தியால் கீறியதைவிடச் சுத்தமாக வெட்டு விழுந்தது. இன்றைய கண் லேசர் அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சுத்தம் கொழும்பிலும் சென்னையிலும் ஒன்றே. அறுந்த நரம்பு வளரும் வேகமும் ஒன்றே. யார் உங்களை உட்கார வைத்துப் பேசினார்கள் என்பதுதான் வேறுபடும்.

இதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னது. உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலோ வேறிடத்திலோ ஒரு கோர்னியா நிபுணரிடம் போய், கண்ணீர்ச் சோதனையும் கோர்னியாவின் வடிவப் படமும் கேளுங்கள். மாதத்துக்கு மாதம் பார்வை மங்கினால், அல்லது ஒரு கண்ணில் எழுத்து இரட்டையாக நிழலாடினால் தாமதிக்க வேண்டாம். கோர்னியா தளர்ந்து புடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்னல் போன்ற ஒளியோ திடீரென மிதக்கும் கரும்புள்ளிகளோ தோன்றினால் அன்றைக்கே போங்கள். லேசர் பவரை மாற்றியதே தவிர, நீண்டுபோன விழிக்கோளம் அப்படியேதான் இருக்கிறது. விழித்திரை கழன்றுவிடும் ஆபத்து கிட்டப்பார்வைக்காரருக்கு முன்போலவே உண்டு.

போகும் முன், லேசர் செய்த இடத்தில் உங்கள் மருத்துவக் கோவையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்: செய்வதற்கு முன்னிருந்த பவர், கோர்னியாவின் வளைவு அளவுகள், எவ்வளவு செதுக்கினார்கள் என்பது. கேட்பதற்குத் தயங்காதீர்கள், அது உங்கள் கண். இன்னும் 20, 25 வருடத்தில் கண்புரை எடுக்க வேண்டி வந்தால் உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கணக்கிட அந்த எண்கள் மிகவும் உதவும். காணி உறுதி வைக்கும் இடத்தில் அதையும் வையுங்கள்.