‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தின் பின்கதை: கேள்வி பதில்

கன்னத்தில் கை வைத்தபடி எங்கோ பார்க்கும் ஒரு பெண், இரண்டு தோள்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோ என்ற ஊருக்கு அருகே டாரத்தியா லாங் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த படம் இது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: இந்த இடத்துக்கு லாங் திட்டமிட்டுத்தான் போனாரா?

இல்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது அமெரிக்க அரசின் மறுகுடியமர்வுத் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்தார். கிராமத்து வறுமையைப் படமெடுத்து அனுப்புவதுதான் அவருடைய வேலை. ஒரு மாதம் அலைந்து முடித்து, பெட்டி படுக்கையை எல்லாம் கட்டியாயிற்று. மழையில் காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். சாலையோரத்தில் ‘பட்டாணி பறிப்போர் முகாம்’ என்று கையால் எழுதிய ஒரு பலகை. பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்.

தாண்டினாரே தவிர, மனசு விடவில்லை. ‘எடுத்த படங்கள் போதாதா, இன்னும் எதற்கு?’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டே 20 மைல் போய், அப்புறம் வண்டியைத் திருப்பினார். முகாமில் அவர் இருந்தது சுமார் பத்து நிமிடம். 1960-இல் ஒரு புகைப்பட இதழில் அவரே இதை எழுதினார்.

கே: சார், போஸ் கொடுக்கச் சொல்லி எடுத்த படம் போலத்தானே இருக்கிறது? இவ்வளவு கச்சிதமாகத் தானாக அமையுமா?

பாதி சரி. அன்றைக்கு அங்கே அவர் எடுத்த மற்ற ஃபிரேம்களையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும். முதலில் தள்ளி நின்று எடுத்திருக்கிறார். அதில் ஒரு பக்கம் திறந்து கிடக்கும் கிழிசல் கூடாரம், ஆடும் நாற்காலியில் பதின்ம வயது மகள், தரையில் சாமான்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமாக நெருங்கி வருகிறார். ஒன்றில் தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பதின்ம வயதுப் பெண் படத்திலிருந்து வெளியே போய்விடுகிறாள். கடைசியில் எஞ்சுவது நாம் பார்க்கும் நான்கு பேர்.

லாங் பல வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டூடியோ வைத்துப் பணக்காரர்களைப் படமெடுத்தவர். யாரை எங்கே நிறுத்துவது என்பது அவருக்குக் கைவந்த கலை. பிள்ளைகள் இருவரும் முகத்தைத் திருப்பியிருப்பதில் அந்தக் கை தெரிகிறது என்பது என் எண்ணம். நம் கண் தாயின் முகத்தை விட்டு வேறெங்கும் போக வழியில்லை. ஆனால் அந்த முகத்தில் இருக்கும் கவலையை எந்த ஸ்டூடியோக்காரராலும் சொல்லிக் கொண்டுவர முடியாது.

கே: கார் டயரை விற்றுத்தான் அன்றைக்குச் சாப்பிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

லாங் அப்படித்தான் எழுதினார். உறைந்துபோன காய்கறிகளையும், பிள்ளைகள் அடித்த பறவைகளையும் தின்று உயிர் வாழ்ந்தார்கள், டயரைக்கூட விற்றுவிட்டார்கள் என்று. பெயரையும் வரலாற்றையும் தான் கேட்கவில்லை என்றும் அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்.

குடும்பத்தார் சொன்னது வேறு. அந்தப் பெண்ணின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பீட்ரூட் வேலை முடித்து, அடுத்த வேலை தேடி வடக்கே வாட்சன்வில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் காரின் என்ஜினில் இருக்கும் டைமிங் செயின் அறுந்தது. வண்டி போய் நின்ற இடம் அந்த முகாம். பழுது பார்க்கும்போது ரேடியேட்டரும் ஓட்டையாகிவிட்டது. துணைவரும் பையன்களும் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போயிருந்த நேரத்தில்தான் லாங் வந்தார். விற்பதற்கு எங்களிடம் வேறு டயரே கிடையாது, ஹட்ஸன் காரில் மாட்டியிருந்த டயர்களில்தானே கிளம்பிப் போனோம் என்று ஒரு மகன் பிற்பாடு சொன்னார்.

லாங் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த முகாமில் வேறு யாராவது டயர் விற்றிருக்கலாம். எழுதியதோ 24 வருடம் கழித்து.

இன்னொன்று. 1930-களில் ஓக்லஹோமா மாநிலத்தில் வீசிய புழுதிப் புயலுக்குத் தப்பி ஓடி வந்த வெள்ளைக்காரப் பெண் என்றே பலரும் இவரை நினைத்திருந்தார்கள். அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். கலிஃபோர்னியாவுக்கு வந்ததும் 1920-களில், புயல்களுக்கு முன்பே.

கே: படத்தில் ஒரு விரலை அழித்துவிட்டார்களாமே?

ஆமாம். வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கையின் கட்டைவிரல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று சில வருடம் கழித்து லாங் நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார். துறையில் அவருக்கு மேலதிகாரியான ராய் ஸ்ட்ரைக்கருக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்க ஆவணத்தில் கை வைப்பதா என்று கோபம்.

எனக்கு இதில் விரல் பெரிய விஷயமாகப் படவில்லை. ஓர் ஓரத்து விரலைச் சரிசெய்ய இவ்வளவு அக்கறை இருந்தது. ஆனால் படத்தின் நடுவில் இருப்பவர் யார் என்பது 42 வருடம் விளக்கக் குறிப்பில் ஏறவில்லை. ‘ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32’, அவ்வளவுதான். வயது சரிதான்.

கே: இதில் லாங் எவ்வளவு சம்பாதித்தார்?

மாதச் சம்பளம் மட்டும்தான். அரசுக்காக எடுத்ததால் படம் பொதுச்சொத்து. யாரும் ராயல்டி தர வேண்டியதில்லை.

கே: படத்தால் அந்த மக்களுக்கு ஏதாவது உதவி கிடைத்ததா?

கிடைத்தது. பனி விழுந்து பட்டாணி விளைச்சல் கருகி, வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் முகாமில் முடங்கிக் கிடந்தார்கள். லாங் விஷயத்தைச் சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்குச் சொன்னார். மார்ச் 10-ஆம் தேதி செய்தி வந்தது. அரசு 20,000 பவுண்டு, அதாவது 9,000 கிலோவுக்கு மேல், உணவு அனுப்பியது.

அது வந்து சேர்ந்தபோது ஃபுளோரன்ஸ் அங்கே இல்லை. வண்டி சரியாகி, எப்போதோ கிளம்பிவிட்டார்கள்.

கே: அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்று?

வயலிலும் வேறு கூலி வேலைகளிலும் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 1978-இல் மொடெஸ்டோ நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தார். அப்போதுதான் உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது. கோபமாகத்தான் பேசினார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு அதில் ஒரு சென்ட் கிடைக்கவில்லை, படத்தை விற்க மாட்டேன் என்று லாங் சொன்னார், ஒரு பிரதி அனுப்புவதாகவும் சொன்னார், அதுவும் வரவில்லை என்று. லாங்கிடம் கேட்கவும் வழியில்லை. அவர் 1965-இலேயே காலமாகிவிட்டார்.

1983-இல் ஃபுளோரன்ஸுக்குப் புற்றுநோயும் பக்கவாதமும். மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பத்திரிகை வழியாக உதவி கேட்டார்கள். நாடு முழுவதிலுமிருந்து 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பல உறைகளில் ஒரு டாலர், இரண்டு டாலர், கூடவே கடிதம். அம்மாவுக்கு அவமானமாகவே நினைத்திருந்த அந்தப் படத்தை, அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் தாங்கள் வேறு மாதிரி பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அதே வருடம் செப்டம்பரில் அவர் இறந்தார்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், லாங் செய்தது தப்பா?

படம் எடுத்தது தப்பில்லை. பெயர் கேட்காதது தப்பு. களைத்துப்போயிருந்தார், மழை, பத்து நிமிடம், எல்லாம் சரி. மற்ற பயணங்களில் மனிதர்கள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர் அவர். அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

கே: நல்ல தரத்தில் இந்தப் படம் எங்கே கிடைக்கும்?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விரல் இருக்கும் பழைய பிரிண்ட், விரலை அழித்த நெகட்டிவ், இரண்டுமே இருக்கின்றன. அழித்ததையே எடுத்து வலது கீழ் மூலையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புகை மாதிரி அந்தக் கட்டைவிரல் இன்னும் தெரியும்.