சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா வரவில்லையே, ஏன்?

எழும்பூரில் வாட்டர்கலர் சொல்லிக்கொடுக்கிறேன். நிறக் கலவை பற்றி உங்களில் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா): சார், பையன் எட்டாவது படிக்கிறான். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று புத்தகத்தில் இருக்கிறது. அவனுக்குச் சேறு மாதிரிதான் வருகிறது. கை சரியில்லையா?

பதில்: கையில் குறையே இல்லை அம்மா, ட்யூபைப் பாருங்கள். கடையில் வாங்கும் சிவப்பு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம், கிரிம்சன் ஊதாப் பக்கம். வெர்மிலியனை எடுத்தால் கூடவே கொஞ்சம் மஞ்சளும் கலவைக்குள் வந்துவிடும். மஞ்சள் ஊதாவுக்கு எதிர்நிறம். எதிர்நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று அணைத்துவிடும். மிஞ்சுவது பழுப்பு அல்லது சாம்பல். அதுதான் அந்தச் சேறு. கிரிம்சனோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலக்கச் சொல்லுங்கள், கத்தரிப்பூ நிறம் வந்து நிற்கும்.

பச்சையும் இப்படித்தான். லெமன் யெல்லோவும் தாலோ புளூவும் சேர்ந்தால் வாழைக்குருத்து. கேம்போஜ் மஞ்சளும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் முற்றிய மாவிலை. இரண்டாவதைக் கொட்டிவிட வேண்டாம். மரத்தின் உள்நிழலுக்கு அதைவிட நல்ல பச்சை கிடையாது.

கேள்வி (வேளச்சேரி, ஐடி வேலை): எங்கள் ஸ்க்ரீனில் அடிப்படை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம். நீங்கள் மஞ்சள் என்கிறீர்களே?

பதில்: ஸ்க்ரீன் ஒளியைக் கூட்டுகிறது, பெயின்ட் ஒளியை விழுங்குகிறது. அதனால்தான் இரண்டுக்கும் அடிப்படை நிறங்கள் வேறு. வெள்ளைத் திரை மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், துளி லென்ஸாகி மூன்று நிறப் புள்ளிகளையும் காட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி): அண்ணா, மியூசியம் கட்டடத்தை வரைந்தேன். நிழலுக்குக் கறுப்பு வைத்தேன், தீப்பிடித்து அணைந்த கட்டடம் மாதிரி ஆகிவிட்டது.

பதில்: முதலில் கறுப்பு ட்யூபை ஓரமாக வைம்மா. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் நில். வெயில் படுகிற செங்கல் ஆரஞ்சாக எரியும். நிழலில் இருக்கிற செங்கலுக்கு வெயில் இல்லை, ஆனால் நீல வானத்தின் வெளிச்சம் இருக்கிறது. அதனால் நிழல் கருஞ்சிவப்பாகி ஊதாப் பக்கம் போகும். வெள்ளைச் சுவராக இருந்தால் நிழலின் நீலம் கண்ணுக்கே தெரியும். பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரினைச் சேர்த்துக்கொண்டே போ, இருட்டும் வரும், உயிரும் இருக்கும்.

கேள்வி (மயிலாப்பூர்): கடையில் பார்த்த புடவை நிறம் வேறு, வீட்டில் வேறு. விளக்குதான் காரணமா?

பதில்: விளக்கு ஒரு காரணம். இன்னொன்று, பக்கத்தில் என்ன இருந்தது என்பது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஷெவ்ரூல். அங்கே கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்திருந்தன. இதை விரித்து 1839-ல் புத்தகமாகவே எழுதினார். ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றைச் சிவப்பு மேலும் ஒன்றைப் பச்சை மேலும் வையுங்கள். முதலாவது பச்சையடிக்கும், இரண்டாவது சிவப்படிக்கும். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் அரக்கு உடலுக்குப் பச்சை பார்டர் வைத்தால் இரண்டும் பளிச்சென்று எழுவது இதனால்தான். எனக்கு நிறவியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த நிறமும் தனியாக நிற்பதில்லை.

கேள்வி: 24 ட்யூப் பெட்டி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் சொன்ன இரண்டு சிவப்பு, இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், ஒரு பர்ன்ட் சியென்னா. ஏழு போதும். மிச்சக் காசுக்கு நல்ல பேப்பர் வாங்குங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): எல்லா நிறமும் சரியாகத்தான் போடுகிறேன், படம் தட்டையாகவே இருக்கிறது.

பதில்: படத்தை போனில் எடுத்து பிளாக் அண்ட் வொயிட் ஆக்குங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சிக்கல் நிறத்தில் இல்லை, டோனில், அதாவது இருட்டு வெளிச்ச அளவில். வரைகிற இடத்திலேயே கண்ணை இடுக்கிப் பார்த்து, எது ரொம்ப இருட்டு, எது ரொம்ப வெளிச்சம் என்று பென்சிலில் குறித்துக்கொண்டு, அப்புறம் பிரஷ்ஷை நனையுங்கள்.