கொத்துற கோழிய விக்காதீங்க: 13 முட்டைல 4 மட்டும் பொரிச்சது ஏன்?

கேள்வி: சார், நாங்க புழல் பக்கம் இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி 6 சிறுவிடை (சின்ன ஒடம்பு நாட்டுக்கோழி) பெட்டையும் 1 சேவலும் வளக்குறோம். கத்திரி வெயில் சமயத்துல ரொம்ப சாதுவான செவலைக் கோழி அடைக்கு உக்காந்துச்சு, கிச்சன் அலமாரில 2 வாரமா சேத்து வெச்ச 13 முட்டைய வெச்சேன், 4 தான் பொரிச்சுது. மீதிய உடைச்சுப் பாத்தா 5 சும்மா மஞ்சக்கருவா தண்ணியா இருந்துச்சு, 2 நாத்தம் தாங்கல, 2 முழுக் குஞ்சா வளந்து ஓட்டுக்குள்ளயே செத்துக் கெடந்துது. நடுவுல மத்த கோழிங்களும் அதே கூடைல முட்டை விடும், நான் தெனமும் எடுத்துடுவேன். இப்போ கருப்புக் கோழி அடைக்கு வந்திருக்கு, ஆனா கிட்ட போனாலே கொத்துது. இத வித்துட்டு இன்குபேட்டர் வாங்கிடலாமா?

பதில்: வணக்கம்மா. மொதல்ல அந்தக் கருப்புக் கோழிய விக்காதீங்க, நீங்க எழுதினத வெச்சுப் பாத்தா உங்க வீட்லயே நல்ல தாய்க்கோழி அதுதான். அடைல இருக்கும்போது றெக்கைய சிலுப்பிக்கிட்டு, கைய நீட்டினா பட்டுனு கொத்துற கோழி லேசுல முட்டைய விட்டு எழுந்திருக்காது, நாளைக்கு குஞ்சோட திரியும்போது காக்கா வந்தாலும் பூனை வந்தாலும் அந்தக் கொத்துதான் காவல். அடை தெளிஞ்சு குஞ்சுங்க பெருசாகி பிரிஞ்சதும் பாருங்க, பழையபடி உங்க காலச் சுத்திட்டு தீனி கேக்கும்.

சாதுவான கோழி எல்லாம் மோசம்னு சொல்லலம்மா, சாதுவா இருந்துக்கிட்டே அருமையா அடை காக்குற கோழி நிறைய இருக்கு. ஆனா மத்த கோழிங்க அதே கூடைல முட்டை விட்டிருக்குன்னா, உங்க செவலை அதுங்க வந்து நின்னா எடத்த விட்டுக் குடுத்திருக்கும். கோழிக் கூட்டத்துல யாருக்கு யார் அடங்கணும்னு ஒரு வரிசை உண்டு, நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே இத 1921லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கார், நீங்க தீனி போடும்போது நின்னு கவனிச்சாலே தெரியும், கொத்து வாங்கிட்டு திருப்பிக் கொத்தாம எது ஒதுங்குதோ அது கீழ்ப்படில இருக்கு. அப்படிப்பட்ட கோழிய பொதுக் கூடைல அடை வெச்சா முட்டை ஆறிப்போகும். அதையே தனியா மறைப்பு கட்டி வெச்சிருந்தா நல்லா காத்திருக்கும், அதனால செவலையையும் ஒதுக்கிடாதீங்க.

சரி, செத்துப்போன அந்த 2 குஞ்சுக்கு வருவோம். தெனமும் எடுத்துட்டேன்னு சொல்றீங்க, ஆனா எடுத்தது அன்னிக்கு விட்ட புது முட்டைதானா? அடையாளம் எதுவும் போடலன்னா சில நாள் மாறிப்போய் பழச எடுத்துட்டு புதுச உள்ள விட்டிருப்பீங்க. அது 2, 3 நாள் பின்தங்கி வளந்திருக்கும், மொதக் குஞ்சுங்க வெளிய வந்து கத்த ஆரம்பிச்சதும் தாய் அதுங்களக் கூட்டிட்டு எறங்கிடும், உள்ள இருக்குறது சூடு இல்லாம செத்துடும். கோழி அடிக்கடி எழுந்து போயிருந்தாலும் இதே கதைதான். அதனால அடை வெக்குற எல்லா முட்டைலயும் பென்சில்ல ஒரு கோடு போட்டுடுங்க, கோடு இல்லாதது இருந்தா அன்னிக்கே எடுத்துடலாம்.

5 முட்டை தண்ணியா இருந்ததுக்குத்தான் நீங்க ரொம்ப யோசிக்கணும். 6 பெட்டைக்கு 1 சேவல் தாராளம், ஆனா சேவலும் எல்லாத்தையும் ஒரே மாதிரி மிதிக்காது, அதுக்குப் புடிச்சது புடிக்காததுன்னு உண்டு, அதனால ஒன்னு ரெண்டு கரு கூடாததா இருந்திருக்கலாம். மீதிக்கு நம்ம ஊரு சூடுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். சுமார் 21 டிகிரிக்கு மேல போனாலே கரு மெல்ல வளர ஆரம்பிச்சுடும், கத்திரில சென்னைல கிச்சன் அலமாரி பகல்ல 34, 35 டிகிரிய சாதாரணமா தொடும், அடுப்பு வேற எரியுது, அங்க 2 வாரம் இருந்தா கரு அரைகுறையா வளந்து அடைக்குப் போறதுக்கு முன்னாடியே செத்துடும், உடைச்சுப் பாத்தா நமக்கு ஒன்னும் தெரியாது. சரி ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம்னா அதுவும் வேணாம், அந்த 4, 5 டிகிரி குளிரும் கருவக் கெடுக்கும். ஒரு மண்பானைல பாதிக்கு ஈர மணல் போட்டு, மேல துணி விரிச்சு, முட்டையோட கூர் முனை கீழ பாத்த மாதிரி வெச்சு நிழல்ல வைங்க, மணல் காயாம தண்ணி தெளிச்சுட்டே இருங்க. அப்படி வெச்சாலும் 5 நாளுக்குள்ள உள்ளத மட்டும் அடைக்குப் போடுங்க, அதத் தாண்டினத சமையலுக்கு எடுத்துக்கோங்க. முட்டைய கழுவவே கூடாது, ஓட்டு மேல இருக்குற காப்பு போயிட்டா கிருமி உள்ள பூந்துடும், நாத்தம் அடிச்ச 2 முட்டை அழுக்கா இருந்திருக்கும் இல்ல கழுவினதா இருந்திருக்கும், லேசா கீறல் விட்டிருந்தாலும் அப்படி ஆகும்.

இப்போ கருப்புக்கு. உடனே நல்ல முட்டைய வெக்காதீங்க, 2 நாள் சும்மா ரெண்டு பழைய முட்டைய வெச்சுப் பாருங்க, ராத்திரியும் அங்கயே இருந்தா அது உண்மையான அடை. அப்புறம் இருட்டினதும் தூக்கி தனி எடத்துல வைங்க, பகல்ல மாத்தினா பழைய எடத்துக்கே ஓடும். தகர ஷீட்டுக்கு அடில வேணாம், காத்தோட்டமான நிழலா இருக்கணும், பெருச்சாளி பூராத மாதிரி சின்னக் கண்ணு கம்பிவலை அடிச்சுடுங்க, புழல் பக்கம்னா அது கண்டிப்பா இருக்கும். சிறுவிடை ஒடம்புக்கு 10 முட்டை போதும், ஓரத்துல ஒன்னுகூட வெளிய தெரியக் கூடாது. பக்கத்துலயே கம்பு, ஒடச்ச மக்காச்சோளம், தண்ணி வைங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து 15, 20 நிமிஷம் தின்னுட்டு பெருசா நாத்தமா ஒரு எச்சம் போட்டுட்டு திரும்ப உக்காரும், அதப் பாத்து சீக்குன்னு பயப்படாதீங்க. ஆனா அடிக்கடி எழுந்து சொறிஞ்சா பேன் இருக்கான்னு றெக்கைக்கு அடில பாருங்க, எவ்ளோ நல்ல கோழியும் பேன் தொல்லைல அடைய விட்டுடும்.

7வது நாள் ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டைக்குப் பின்னாடி புடிச்சுப் பாருங்க, சிலந்தி மாதிரி நரம்பு ஓடினா கரு இருக்கு, ரத்த வளையம் மட்டும் தெரிஞ்சா செத்துடுச்சு, சும்மா தெளிவா இருந்தா கரு கூடல, ரெண்டையும் எடுத்துடலாம். 18வது நாளுக்கு மேல தொடவே வேணாம். 21வது நாள் ஓட்டுல ஓட்டை விழுந்ததும் ஆசைல நீங்க உரிச்சு விடாதீங்க, சில குஞ்சு முழுசா வெளிய வர ஒரு நாள்கூட ஆகும், அவசரப்பட்டா ரத்தம் வந்துடும்.

இன்குபேட்டர் 6 கோழிக்குத் தேவையே இல்லம்மா. 37.5 டிகிரிய விடாம வெச்சிருக்கணும், கரண்ட் போனா தவிக்கணும், பொரிச்ச அப்புறமும் பல்பு போட்டு வளக்கணும், இது அத்தனையும் கருப்பு சும்மாவே பண்ணும்.

குஞ்சுக்கு 7வது நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க லசோட்டாங்குற தடுப்பு சொட்டு மருந்து கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு விடணும், 8வது வாரம் ஊசி. மருந்து பாட்டில் நிறைய கோழிக்குச் சேத்துதான் வரும், கரைச்சா 2 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சுடணும், அதனால பக்கத்துல கோழி வெச்சிருக்குறவங்களையும் சேத்துக்கிட்டு கால்நடை மருந்தகத்துல தேதி கேட்டுட்டுப் போங்க, மருந்த வாங்கிட்டு வர ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போங்க.