கண்ணு நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் தெரியல? பார்வை, கவனம், பிரக்ஞை பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அடியில ஒரே விஷயம்தான் ஓடுது. கண் டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டார், ஆனா எதிர்ல இருக்கறது தெரியலங்கறாங்க, இல்ல இல்லாதது தெரியுதுங்கறாங்க, இவங்க பொய் சொல்றாங்களா, புத்தி பிசகிடுச்சான்னு. பார்வை நரம்பியல்ல இருபது வருஷமா வேலை பாக்குற எனக்கு இந்த சந்தேகப் பார்வைதான் ரொம்ப வருத்தம், அதனால அந்த மாதிரி கேள்விகளுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மேடம், விழித்திரையில பிம்பம் தலைகீழா விழுதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அதை நேரா திருப்பிப் போடுறது மூளையில எந்த இடம்?

எந்த இடமும் இல்ல, திருப்ப வேண்டிய அவசியமே இல்ல. நாம மனசுல என்ன வச்சிருக்கோம்னா கண்ணு ஒரு கேமரா, மூளைக்குள்ள ஒரு திரை, அதை உக்காந்து பாக்க ஒரு ஆள். அப்படி ஒரு ஆள் இருந்தா அவர் மண்டைக்குள்ள இன்னொரு ஆள் வேணும், அவருக்குள்ள இன்னொருத்தர், இது முடியவே முடியாது. கண்ணுலேர்ந்து போறது படம் இல்ல, நரம்புத் துடிப்பு, துடிப்புக்கு மேல கீழ கிடையாது. இந்த துடிப்பு வந்தா கையை எந்தப் பக்கம் நீட்டணும்ங்கற பொருத்தம் மட்டும் சரியா இருந்தா மூளைக்குப் போதும். 1890கள்ல ஜார்ஜ் ஸ்ட்ராட்டன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் எல்லாத்தையும் தலைகீழா காட்டற லென்ஸை எட்டு நாள் மாட்டிக்கிட்டே வாழ்ந்து பாத்தார், முதல்ல தடுமாறினவர் போகப் போக கையும் காலும் சரியா போக ஆரம்பிச்சதுன்னு எழுதி வச்சிருக்கார்.

இன்னொண்ணும் சேத்து சொல்லிடறேன். ஒரு கண்ணுல ஒளியை உணர்ற செல் சுமார் 12 கோடிக்கு மேல, ஆனா மூளைக்குப் போற பார்வை நரம்புல இருக்கற இழை 10 லட்சம் சொச்சம்தான், அதாவது விழித்திரையை விட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே சுருக்கிட்டாங்க. அந்த செய்தி வழியில தலாமஸ்ல, அதாவது மூளை நடுவுல இருக்கற ஒரு இடைநிலையத்துல நிக்குது, அங்க கண்ணுலேர்ந்து வர்ற இணைப்பை விட பின்மண்டைப் பார்வைப் பகுதியிலேர்ந்து திரும்பி வர்ற இணைப்புதான் அதிகம். கண்ணு சொல்றதை மூளை சும்மா வாங்கி வச்சுக்கறதில்ல, 'இதுவா இருக்கணுமே'ன்னு தன் பக்கத்துலேர்ந்து ஒரு யூகத்தை அனுப்பிக்கிட்டே இருக்கு. கீழ வர்ற பதில்கள் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்துலதான் நிக்குது.

கண்ணாடியில என் இடது கண்ணைப் பாத்துட்டு வலது கண்ணைப் பாக்குறேன், கண்ணு அசையறதே தெரியல. பக்கத்துல நிக்கறவங்களுக்கு தெரியுதாம். ஏன்?

கண்ணு ஒரு செகண்டுக்கு சுமார் மூணு தடவை தாவுது. அந்த தாவல் நேரத்துல வர்ற மங்கலை மூளை அமுக்கிடும், இல்லன்னா உலகமே நாள் முழுக்க ஆடிக்கிட்டு இருக்கும். போன் செல்ஃபி கேமராவுல இதையே செஞ்சு பாருங்க, அது கொஞ்சம் தாமதமா காட்டறதால உங்க கண்ணு நகர்றது உங்களுக்கே தெரியும். முள்ளு கடிகாரத்தை திடீர்னு பாத்தா முதல் செகண்ட் மட்டும் நீளமா நிக்கற மாதிரி இருக்கும் பாருங்க, அதுவும் இந்த தாவலோட சேந்ததுதான்.

பைக்ல நேரா போய்க்கிட்டு இருந்தேன், எதிர்ல வந்த கார்காரர் திரும்பி என் மேல ஏத்திட்டார், கால்ல கம்பி வச்சிருக்காங்க. அவர் என் முகத்தை நேராப் பாத்தார் மேடம், நான் பாத்தேன். ஆனா போலீஸ்ல 'சத்தியமா தெரியல'ங்கறார். இது பச்சைப் பொய்தானே?

உங்க கோவம் நியாயமானது, முதல்ல கால் நல்லா ஆகட்டும். ஆனா பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. கண்ணு ஒரு பொருள் மேல நிக்கறதும் அந்தப் பொருள் மனசுக்கு எட்டறதும் வேற வேற. 1999ல டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ் ரெண்டு பேரும் செஞ்ச சோதனையை கேள்விப்பட்டிருப்பீங்க, பந்து எத்தனை தடவை கை மாறுதுன்னு எண்ணச் சொல்லி வீடியோ போட்டாங்க, நடுவுல கொரில்லா வேஷம் போட்ட ஒருத்தர் நடந்து வந்து மார்ல தட்டிட்டுப் போறார், பாத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது தெரியவே இல்ல.

சரி அது சாதாரண ஆளுங்கன்னு சொல்லலாம். 2013ல ட்ராஃப்டன் ட்ரூவும் கூட்டாளிகளும் ஸ்கேன் படங்களைப் படிக்கற டாக்டர்களான 24 ரேடியாலஜிஸ்ட்கிட்ட நுரையீரல் சிடி ஸ்கேனைக் குடுத்து கட்டி தேடச் சொன்னாங்க, உள்ள சின்னதா ஒரு கொரில்லா படம் ஒட்டியிருந்தாங்க, அது அவங்க தேடின கட்டியை விட 48 மடங்கு பெருசு. 20 பேர் பாக்கல. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சு பதிவு பண்ணினதுல தெரிஞ்சது, பாக்காம விட்டவங்கள்ல பெரும்பாலானவங்க கண்ணு சரியா அந்த கொரில்லா மேலயே போயிருக்கு! தினமும் படத்தைப் பாக்கறதே தொழிலா வச்சிருக்கறவங்களுக்கே இந்த நிலைமை. தேடறது எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா மத்ததுக்கு கதவு பாதி மூடிடுது, காரோட்டி பொதுவா எதிர்ல கார் வருதான்னுதான் தேடறார், பைக் கண்ணுக்கு சின்னதாவும் தெரியும்.

அதுக்காக அவர் மேல தப்பே இல்லன்னு நான் சொல்லல. அவர் அப்போ போன்ல பேசிக்கிட்டு இருந்தாரான்னு கண்டிப்பா விசாரிக்கச் சொல்லுங்க. ஹெட்செட் போட்டா பரவாயில்லன்னு நிறைய பேர் நம்பறாங்க, அது தப்பு, கை காலியா இருந்தாலும் கவனம் காலியா இல்ல. பக்கத்து சீட்டுல இருக்கறவர்கிட்ட பேசறது வேற, அவருக்கும் ரோடு தெரியுது, நெருக்கடி வந்தா பேச்சை நிறுத்துவார். போன்ல இருக்கறவர் நிறுத்த மாட்டார்.

என் மாமியாருக்கு 78 வயசு, விழித்திரை தேய்மானத்துல பார்வை ரொம்ப கம்மியாயிடுச்சு. ரெண்டு மாசமா ரூம் மூலையில சின்னச் சின்ன குழந்தைங்க கலர் கலரா துணி போட்டுக்கிட்டு நிக்குதுன்னு சொல்றாங்க. பேய்ங்கறார் ஒருத்தர், மனநோய்ங்கறார் ஒருத்தர். அவங்க இப்போ சொல்றதையே நிறுத்திட்டாங்க, எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு.

நீங்க கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. பேயும் இல்ல, பெரும்பாலும் மனநோயும் இல்ல. நீங்க சொல்றதைப் பாத்தா சார்ல்ஸ் பானே சிண்ட்ரோம் மாதிரி இருக்கு. 1760ல சார்ல்ஸ் பானேங்கற ஜெனீவா அறிஞர், பார்வை மங்கிப் போன தன்னோட தாத்தாவுக்கு ஆளுங்க, பறவைங்க, கட்டடங்கள் எல்லாம் தெரியறதையும், தாத்தா புத்தி தெளிவா இருக்கறதையும் எழுதி வச்சார். கண்ணுலேர்ந்து செய்தி வர்றது குறைஞ்சு போச்சு, மூளையோட பார்வைப் பகுதி சும்மா இருக்காது, தானா துடிக்க ஆரம்பிக்கும், அப்போ யூகம் மட்டும் ஓடுது, அதை 'இல்ல, அப்படி இல்ல'ன்னு திருத்த கண்ணு இல்ல. 1998ல இப்படித் தெரியறவங்களை ஸ்கேன்ல வச்சுப் பாத்தப்போ, கலரா தெரியற நேரத்துல மூளையில கலருக்கான பகுதி வேலை செஞ்சிருக்கு, முகம் தெரியறப்போ முகத்துக்கான பகுதி. அதனால அவங்க கற்பனை பண்றாங்கன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு அது நிஜமாவே தெரியுது.

முதல் வேலை, அவங்க பக்கத்துல உக்காந்து இது பார்வை போனதால வர்றது, புத்தி கலங்கல, நிறைய பேருக்கு இருக்குன்னு சொல்லுங்க. பாதி பயம் அதுலயே போயிடும், மறைச்சு வச்சிருந்ததை கொட்டுவாங்க. உருவம் வரும்போது லைட்டைப் போடுங்க, தலையை ஆட்டாம கண்ணை மட்டும் இடமும் வலமும் சில தடவை ஓட்டச் சொல்லுங்க, சில பேருக்கு மறைஞ்சுடும். கண் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை, உருவம் பேசுதுன்னாலோ, நிஜம்னு நம்பி அதோட சண்டை போட்டாலோ, ஞாபகமறதி, நடையில தடுமாற்றம் கூடவே இருந்தாலோ நியூராலஜிஸ்டைப் பாக்கணும், அது வேற நோயா இருக்கலாம்.

2015ல இன்டர்நெட்ல என்ன கலர்னு எல்லாரும் சண்டை போட்ட அந்த டிரெஸ் போட்டோ எனக்கு வெள்ளை-தங்கம், என் தம்பிக்கு நீலம்-கருப்பு. யாருக்கு கண்ணு கோளாறு?

ரெண்டு பேருக்கும் இல்ல. நிஜத்துல துணி நீலம்-கருப்பு. ஆனா அந்த போட்டோவுல எந்த மாதிரி வெளிச்சம் விழுதுன்னு தெளிவா இல்ல, நிழல்ல எடுத்ததுன்னு உங்க மூளை எடுத்துக்கிச்சு, அதனால நீலத்தைக் கழிச்சிடுச்சு, தம்பி மூளை மஞ்சள் விளக்குன்னு எடுத்துக்கிச்சு. வெளிச்சத்தைக் கழிச்சுட்டுத்தான் எல்லாருமே எல்லா நேரமும் நிறம் பாக்குறோம், அந்தப் படத்துல கணக்கு ரெண்டா பிரிஞ்சு வெளிய தெரிஞ்சிடுச்சு.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு மாசம். தட்டுல வலது பக்கம் இருக்கறதை மட்டும் சாப்பிட்டு 'இன்னும் வைக்கல'ன்னு சத்தம் போடறார். முகத்துல ஒரு பக்கம்தான் ஷேவ் பண்றார். வேணும்னே பண்றார்ன்னு அம்மா அழறாங்க.

அம்மாகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க: வேணும்னு பண்ணல. மூளையோட வலது பக்கம் அடிபட்டா இடது பக்க உலகத்து மேல கவனம் போறதே நின்னுடலாம், கண்ணு அந்தப் பக்கம் வேலை செஞ்சாலும் கூட. இருட்டா தெரியும்னு நினைக்காதீங்க, இருட்டு இருந்தா 'அங்க ஏதோ மறைக்குது'ன்னு தோணும், இவருக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தோணல. 1978ல இத்தாலியில பிசியாக், லுசாட்டின்னு ரெண்டு ஆய்வாளர்கள் மிலன் நகரத்து நோயாளிகளை, அந்த ஊர் கதீட்ரல் சதுக்கத்துல கதீட்ரலைப் பாத்து நிக்கறதா மனசுல நினைச்சு சுத்தி இருக்கறதைச் சொல்லச் சொன்னாங்க, வலது பக்கத்துக் கட்டடங்களை மட்டும் சொன்னாங்க. சரி இப்போ கதீட்ரல் வாசல்லேர்ந்து திரும்பிப் பாக்கறதா நினைங்கன்னதும், விட்டதையெல்லாம் சொல்லி, முன்ன சொன்னதை விட்டுட்டாங்க! ஞாபகம் முழுசா இருக்கு, அதுலயும் இடது பக்கம் மட்டும் போகுது. எனக்கு இதைப் படிக்கறப்போ இன்னிக்கும் மனசு ஒரு மாதிரி ஆகும்.

தட்டோட இடது ஓரத்துல பளிச்னு சிவப்பு டேப் ஒட்டி 'சிவப்பு தெரியற வரைக்கும் பாருங்க'ன்னு பழக்குங்க, புத்தகத்துக்கும் அதே. பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி விடாதீங்க, நிறைய பேருக்கு முதல் சில மாசத்துல நல்லா தேறும். ரோடு கடக்க இப்போதைக்கு தனியா விட வேண்டாம்.

இதுக்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ரெண்டு ஸ்ட்ரோக்ல பின்மண்டைப் பார்வைப் பகுதி ரெண்டு பக்கமும் போய் முழுக் குருடான ஒருத்தரை, 2008ல வெளியான ஒரு ஆய்வுல, பெட்டியும் சாமானும் இறைச்சுப் போட்ட நடைபாதையில குச்சி இல்லாம நடக்கச் சொன்னாங்க, ஒண்ணுலயும் இடிக்காம வளைஞ்சு வளைஞ்சு போனார். எப்படின்னு கேட்டா அவருக்கே தெரியல, சும்மா நடந்தேன்னார். பின்மண்டைக்குப் போகாத வேற பாதைகளும் கண்ணுலேர்ந்து மூளைக்குள்ள இருக்கு, அது வேலையைச் செய்யும், ஆனா 'பாக்குறேன்'ங்கற உணர்வைத் தராது.

கண்ணை மூடிக்கிட்டு அம்மா முகத்தை நினைச்சா எனக்கு எதுவுமே தெரியல. மத்தவங்களுக்கு படம் மாதிரி வருமாமே?

வரும், ஆளுக்கு ஆள் அளவு வேற. உங்களோடதுக்கு 2015ல ஆடம் ஸீமன்ங்கற நரம்பியல் டாக்டர் அஃபன்டேசியான்னு பேர் வச்சார். நோய் இல்ல, பாசம் கம்மின்னும் அர்த்தம் இல்ல. பிறந்ததுலேர்ந்து இப்படின்னா விட்டுடுங்க, திடீர்னு போச்சுன்னா மட்டும் டாக்டர்.

அப்போ எல்லாமே மூளை கட்டற மாயைதானா? பிரக்ஞை எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?

மாயைங்கற வார்த்தையை நான் ஒத்துக்க மாட்டேன். இடது கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கட்டை விரலையும் கை நீட்டி சேத்து வச்சு, இடது விரலையே பாத்துக்கிட்டு வலது விரலை மட்டும் மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா போனதும் விரல் நுனி காணாம போகும். பார்வை நரம்பு வெளிய போற இடம், அங்க ஒளி செல்லே இல்ல, மூளை சுத்தி இருக்கறதை வச்சு நிரப்பிடுது. ஆனா விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினா திரும்பி வருது பாத்தீங்களா? யூகத்தை கண்ணு திருத்திக்கிட்டே இருக்கு, அதனாலதான் நம்மால ரோடு கடக்க முடியுது.

பிரக்ஞை, அதாவது 'நான் உணர்றேன்'ங்கற அந்த விழிப்பு விஷயத்துல, 1998ல கிறிஸ்டோஃப் காக்ங்கற நரம்பியலாளர், 25 வருஷத்துல மூளையில அதுக்கான தெளிவான அடையாளத்தைக் கண்டுபிடிச்சுடுவோம்னு டேவிட் சால்மர்ஸ்ங்கற தத்துவவாதிகிட்ட பந்தயம் கட்டினார். 2023 ஜூன்ல நியூயார்க்ல மேடையில வச்சு காக் தோத்ததா ஒத்துக்கிட்டு வைன் பாட்டில் குடுத்தார். போட்டி கோட்பாடுகளை நேருக்கு நேர் சோதிக்கற ஆய்வுகள் நடந்துக்கிட்டுதான் இருக்கு, எதுவும் முழுசா ஜெயிக்கல.

என் அண்ணன் ஆக்ஸிடென்ட்ல அடிபட்டு நாலு மாசமா கண் திறந்து படுத்திருக்கார், எந்த அசைவும் இல்ல. நாங்க பேசறது கேக்குமா?

நேர்ல பாக்காம கேக்கும்னு உறுதி குடுக்க என்னால முடியாது. ஆனா கேக்காதுன்னு யாராவது உறுதியா சொன்னா அதை அப்படியே எடுத்துக்காதீங்க. 2006ல ஏட்ரியன் ஓவன்ங்கற நரம்பியல் ஆய்வாளரோட குழு, ரோடு விபத்துக்கு அப்புறம் அஞ்சு மாசமா எந்த பதிலும் இல்லாம இருந்த 23 வயசுப் பொண்ணை ஸ்கேன்ல வச்சு 'டென்னிஸ் ஆடறதா நினை'ன்னு சொன்னாங்க, நல்லா இருக்கற ஒருத்தர் மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி வேலை செஞ்சது. 'உன் வீட்டுக்குள்ள ரூம் ரூமா நட'ன்னதும் வேற பகுதி. 2024ல வெளியான பெரிய ஆய்வுல, சொன்னதுக்கு உடம்பால எந்த பதிலும் குடுக்க முடியாத 241 பேர்ல 60 பேருக்கு ஸ்கேன்லயோ, மூளையோட மின்துடிப்பைப் பதிவு பண்ற இஇஜியிலயோ மூளை பதில் குடுத்திருக்கு, நாலுல ஒருத்தர்.

அந்த சோதனை எல்லா இடத்துலயும் கிடைக்காது. ஆனா வீட்டு ஆளுங்களால செய்யக்கூடிய ஒண்ணு இருக்கு. நினைவு திரும்பறதோட ஆரம்ப அடையாளங்கள்ல ஒண்ணு கண்ணால பின்தொடர்றது, அதைச் சோதிக்க விரலை விட, லைட்டை விட நல்லா வேலை செய்யறது கண்ணாடி, ஏன்னா அவரவர் முகம் அவரவர் கவனத்தை ஈர்க்கும். அண்ணன் விழிப்பா இருக்கற நேரமாப் பாத்து, முகத்துக்கு எதிர்ல அவர் முகம் தெரியற மாதிரி பிடிச்சு இடமும் வலமும், மேலயும் கீழயும் மெதுவா நகர்த்துங்க. ஒரு தடவை வரலன்னா மனசு உடையாதீங்க, காலையில, சாயங்காலம், வேற வேற நாள்ல செய்யுங்க. கண்ணு கூட வந்தா போன்ல வீடியோ எடுத்து தேதி, நேரம் போட்டு வச்சு டாக்டர்கிட்ட காட்டி, நினைவு எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்கற கோமா ரெகவரி ஸ்கேல் சோதனையை சில தடவை திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்க. அது வரைக்கும் அவர் கட்டில் பக்கத்துல நின்னு அவரைப் பத்தி நம்பிக்கையில்லாத பேச்சு பேசற சொந்தக்காரங்களை வெளிய கூட்டிட்டுப் போய் பேசச் சொல்லுங்க.